நேற்று போன கடிதமே இன்றைய பாடம்



காலையில் மாங்காட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும் கூட்டத்தில் ஒரு பகுதி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும். இன்னொரு பகுதி பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம். லேத், ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ் என்று ஆளுக்கொரு வேலை. கொட்டேஷன், டெலிவரி சலான், ஷிப்ட் ரிஜிஸ்டர், வாடிக்கையாளருக்கு மெயில் என்று எல்லோரும் நாள் முழுக்க எழுதுகிறார்கள். எப்படி எழுதுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அரசுப் பணியில் இதற்கு ஏற்பாடு உண்டு. இளநிலை உதவியாளராகச் சேர்ந்தால் ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் பயிற்சி. கோப்பில் குறிப்பு எழுதுவதும் வரைவு தயாரிப்பதும் அங்கே பாடம். தமிழ் வளர்ச்சித் துறையும் மாவட்டந்தோறும் ஆட்சிமொழிப் பயிலரங்கம் நடத்துகிறது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஏது பவானிசாகர்? அதனால் வகுப்பை நான் பட்டறைக்கே கொண்டுபோகிறேன். கேன்டீன் மேசைதான் வகுப்பறை. பாடப்புத்தகம் கிடையாது. "போன வாரம் அனுப்பிய கடிதங்களைக் கொடுங்கள்" என்பேன். அதுதான் பாடம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாக்கி கேட்கும் கடிதம். சிரிக்காதீர்கள்! ஒருவருடைய எழுத்து அதில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது.

உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. பெரிய இடத்திலிருந்து பணம் வரவில்லை. கணக்குப் பார்க்கும் பெண் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். முதல் பத்தியில் நீண்டகால நல்லுறவு. இரண்டாவதில் இரும்பு விலை, தீபாவளி போனஸ். கடைசியில், "நிலுவையை விரைந்து செலுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறோம்." எந்த பில்? எவ்வளவு? என்றைக்குள்? ஒன்றும் இல்லை. படிப்பவர் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள் நேயர்களே. எந்த பில்லைத் தேடி எடுப்பீர்கள்?

எல்லோரும் உட்கார்ந்து திருத்தினோம். டெஸ்பாட்ச் தம்பி ஓடிப்போய் சலானை எடுத்து வந்தார்; சரக்கு வாங்கிய முத்திரையும் தேதியும் அதில்தானே இருக்கின்றன! எண்களை மாற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்: "பில் எண் 118. தொகை ரூ.1,84,000. சரக்கை நீங்கள் ஏற்றுக்கொண்டது ஜூன் 3. 45 நாள் கெடு ஜூலை 18-இல் முடிந்தது. ஜூலை 31-க்குள் செலுத்த வேண்டுகிறோம். சலான் நகல் இணைப்பில்." அவ்வளவுதான், ஆறே வரி.

அந்த 45 நாள் எங்கிருந்து வந்தது? குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்குபவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், அதற்குமேல் இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. முதல் கடிதத்திலேயே வட்டியைப் பற்றிப் பேசலாமா என்று அங்கே பெரிய வாக்குவாதம். வேண்டாம் என்றார் அந்தப் பெண். "நாளைக்கும் ஆர்டர் வேணுமே சார்." நியாயம்தான்!

பணம் வந்ததா என்பீர்கள். முதலில் ஒரு கேள்வி வந்தது: "சலானில் இரண்டு பெட்டி குறைவு என்று குறித்திருக்கிறதே?" பழைய கடிதங்களுக்குப் பதிலே இல்லாத இடத்திலிருந்து இது வந்தது. பணம் ஏன் நின்றது என்பது அன்றைக்குத்தான் இவர்களுக்குத் தெரிந்தது.

ஷிப்ட் ரிஜிஸ்டரைப் பற்றியும் பேச நினைத்தேன், நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். "மெஷின் சரியில்லை" என்று எழுதாதீர்கள். எந்த மெஷின், என்ன கோளாறு, எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். கடிதமானாலும், ரிஜிஸ்டரானாலும், தமிழானாலும், ஆங்கிலமானாலும் இதே கணக்குதான்.

பட்டறை நடத்தும் முதலாளிமார்களே, வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஆட்கள் எழுதிய ஒரு கடிதத்தை அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். வெளியிலிருந்து என்னைப்போல் ஓர் ஆள் வரவேண்டும் என்றுகூட இல்லை.