புக்கிட் கெப்போங் நினைவும் நமது கடமையும்

(பினாங்கு ஜோர்ஜ்டவுனில் போலீஸ் தினத்தன்று தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று மார்ச் 25. 1807-ஆம் ஆண்டு இதே தேதியில்தான் இந்தப் பினாங்குக்கு நீதி சாசனம் வழங்கப்பட்டது. கோர்ட்டும் போலீசும் இங்கே முறையாக அமைய அதுவே அடிப்படை. ஆகவேதான் நாடு முழுவதும் இந்த நாளைப் போலீஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

தொழிற்சங்க மேடையில் போலீசாருக்கு அஞ்சலியா என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது அரசாங்கத் துப்பாக்கிக்கு நம்மவர்கள் பலியானார்கள். 1949 மே 4-இல் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். இவற்றை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஆனால், ஆட்சியின் கட்டளை வேறு. குடும்பத்தைக் காப்பாற்றச் சம்பளத்துக்கு வந்து, காவல் நின்ற இடத்திலேயே உயிர்விட்ட எளிய மனிதன் வேறு.

புக்கிட் கெப்போங்கை நினைத்துப் பாருங்கள். ஜொகூரில் மூவார் ஆற்றங்கரையில் ஒரு சிறு மர ஸ்டேஷன். 1950 பிப்ரவரி 23, பொழுது விடியுமுன் நூற்றுக்கு மேற்பட்ட கம்யூனிஸ்ட் ஆயுதபாணிகள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். சரணடையச் சொன்னார்கள். சார்ஜன் ஜமில் முகமது ஷாவும் அவருடைய ஆட்களும் மறுத்துவிட்டார்கள். பல மணி நேரம் போராட்டம். புருஷன்மார் விழுந்தபோது மனைவிமார் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்கள். கடைசியில் ஸ்டேஷனுக்கும் குடியிருப்புக்கும் தீ வைக்கப்பட்டது. சார்ஜன் ஜமில் மாண்டார். அவரோடு போலீசார் பலரும், பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள்.

தோழர்களே! வேலை செய்யும் இடத்தை ஒட்டியே குடும்பத்தோடு வாழ்வது எப்படியென்று நமக்குத் தெரியும். நமது லயமும் அப்படித்தான். வேலைத்தலத்தில் ஆபத்து வந்தால் அது வீட்டு வாசலுக்கும் வருகிறது.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாப் போலீசாரும் படையினருமாக 1,346 பேரும், பொதுமக்களில் 2,478 பேரும் கொல்லப்பட்டார்கள் என்று கணக்குச் சொல்கிறது. தோட்டங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும், பால் வெட்டப் போன நம் தொழிலாளரும் அந்தக் கணக்கில் அடங்குவர். அவர்களில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் உண்டு. பிரேதத்தைச் சுற்றி அழுத வீடுகளில் இனபேதம் இல்லை.

மாண்டவனுக்கு மாலை போடுவது சுலபம். அவன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்ப்பதுதான் உண்மையான அஞ்சலி. போலீசாரின் குடும்பத்துக்கு அரசாங்கப் பென்ஷன் உண்டு. நமக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ உண்டு. வேலையில் விபத்து நேர்ந்து தொழிலாளி இறந்தால், உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கும், ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் சேர வேண்டும். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பெயர் பதியப்படாமலும் சந்தா கட்டப்படாமலும் இருந்தால், அந்தக் குடும்பம் ஆபீஸ் ஆபீஸாக அலைய நேரிடும். கிராணிமார்களாகிய நாம் பேரேட்டைச் சரிபார்ப்போம். தோழர்களே, நீங்களும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கடமையில் உயிர்விட்ட போலீசாருக்காகவும், வேலையில் உயிர்விட்ட நம் தோழர்களுக்காகவும் இப்போது அனைவரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம்.