தேவதைக்கு இரும்பு ஆகாது



கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "தேவதைக்கு எது ஆகாது?" போக்கிமொன் விளையாடுகிற பிள்ளையென்றால் உடனே சொல்லும்: உருக்கும் நஞ்சும். வீட்டிலிருக்கிற அம்மம்மாவிடம் பேய்க்கு எது ஆகாது என்று கேளுங்கள். இரும்பு என்பார். கைபேசியைத் தொட்டே பார்க்காத மனுசி!

போக்கிமொன் 1996இல் ஜப்பானில் வந்த விளையாட்டு. விசித்திர உயிரிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நெருப்பு, நீர், புல் என்று ஒரு வகை உண்டு. நீருக்கு நெருப்பு அடங்கும், நெருப்புக்குப் புல் அடங்கும். 2013இல் 18ஆவது வகையாகத் தேவதை சேர்ந்தது. ட்ராகன்களின் கொட்டத்தை அடக்க ஆள் தேவைப்பட்டது. அது விளையாட்டுக் கணக்கு. ஆனால் உருக்குக்குத் தேவதை தோற்பது பழைய கதை. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் தேவதைகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கள் குட்டியைப் போட்டுவிட்டுப் போய்விடும் என்று நம்பி, தொட்டிலருகே கத்தரிக்கோல் வைத்தார்கள். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் பாக்குவெட்டி.

பேய்களை வகை பிரிப்பதும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்களின் சன்னி யகும சடங்கில் வருகிற யக்குகள் என்னும் பேய்களும் 18. எண் ஒத்துப்போவது தற்செயல்தான். குருட்டுக்கு ஒருவர், செவிட்டுக்கு ஒருவர், பைத்தியத்துக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு நோய், ஆளுக்கொரு முகமூடி. எல்லோருக்கும் தலைவர் கோல சன்னி. நோயாளியின் முன்னால் ஒவ்வொருவராக வந்து ஆடுவார்கள். பறை அடிப்பவர் அவர்களைக் கேலி பண்ணுவார், சனம் சிரிக்கும், நோயாளிக்கும் பயம் விட்டுப்போகும். இதைவிட நல்ல விளையாட்டை யாராவது வடிவமைத்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இனி நம்முடைய ஆளுக்கு வருவோம். ரோதை முனி. தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் சுற்றுகிற ரோதையில், அதாவது சக்கரத்தில், குடியிருப்பவர். எந்திரத்தில் கை அகப்படாமல் காக்கச் சொல்லித் தொழிலாளர் கும்பிட்ட சாமி. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் காலத்து எந்திரங்களைப் பார்க்கலாம். ஒருமுறை அவற்றின் பக்கத்தில் நின்றால், இதற்கு ஏன் ஒரு முனி தேவைப்பட்டார் என்பது விளங்கும். மற்றப் பேய்கள் இரும்பைக் கண்டு ஓட, இவர் இரும்புக்குள்ளேயே இருக்கிறார். விளையாட்டிலும் இப்படி ஒன்று உண்டு: மாவைல். தலைக்குப் பின்னால் இன்னொரு பெரிய வாய் உள்ளது, உருக்கும் தேவதையும் சேர்ந்த கலப்பு வகை. பின்தலையில் வாயுள்ள பெண்ணைப் பற்றி ஜப்பானில் பழைய பேய்க்கதையே இருக்கிறது.

அப்படியானால் ரோதை முனியை விளையாட்டில் சேர்த்துவிடலாமா? வகை கண்டுபிடிப்பது சுலபம். எதற்கு அவர் தோற்பார் என்று கேட்டால்தான் சிக்கல். அவரை யாரும் தோற்கடிக்க நினைத்ததில்லை. சேவல் அறுத்து, சாராயமும் சுருட்டும் படைத்து, "சாமி, பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள். சன்னி யக்குகளும் காணிக்கை வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். ஸ்கொட்லாந்துக்காரரும் கத்தரிக்கோலோடு நிற்கவில்லை. வீட்டுவேலை செய்து தருகிற குட்டித் தேவதைக்கு இரவில் பாலும் பாலாடையும் எடுத்து வைத்தார்கள். விளையாட்டின் அட்டவணை கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டது, பால் கிண்ணத்தை விட்டுவிட்டது.