இடம் மாறிய கால்



தலைமையுரை நீண்டுவிடக் கூடாது என்று அமைப்பாளர்கள் அன்போடு எச்சரித்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு நோட்டுத்தாளை எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலையைக் கடந்து வந்தேன். என்னிடம் தொடக்கநிலை 3 படித்த ஒரு பையனின் சொல்வதெழுதுதல் தாள் இது. பெற்றோரின் சம்மதத்துடன், பெயரை மறைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

‘தேங்காய்’ என்று சொன்னேன். அவன் ‘தோங்கய்’ என்று எழுதினான். சிவப்பு மையால் சுழித்தேன். ஆறு மாதம் கழித்துத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை. இரட்டைக்கொம்பு இருக்கிறது, த, ங், க, ய் எல்லாம் இருக்கின்றன, காலும் இருக்கிறது. ககரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய கால் தகரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. இதே பையன் பாட்டியோடு தேக்கா சந்தைக்குப் போன கதையைக் கை ஆட்டிச் சொல்வான். “தேங்கா துருவுற மெஷின் சத்தம் காதைப் பொளக்கும் சார்!” அவனுக்குத் தமிழ் வரவில்லை என்று அறிக்கை அட்டையில் எழுதியது நான்தான்.

நம் எழுத்தைக் குழந்தையின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ‘கொ’ என்று சொல்லும்போது முதலில் ககரம் ஒலிக்கிறது. எழுதும்போது கொம்பு முந்திக்கொள்கிறது. கு, சு, து, மு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வேறு வேடம் போடுகிறது. ‘கௌ’வில் வந்து நிற்பது ளகரமா இல்லையா என்று கேட்ட குழந்தைக்கு உங்களில் எத்தனை பேர் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பீர்கள்? இதற்கு மேல் வீட்டில் பேசும் ‘தேங்கா’வுக்குப் பள்ளியில் ஒரு யகர ஒற்று வேறு. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு, எழுத்துத் தடுமாற்றம் உள்ள பிள்ளை ஆங்கிலத்தில் தடுக்கி விழும் இடம் ஒன்று, தமிழில் தடுக்கி விழும் இடம் வேறொன்று.

சிங்கப்பூர் இத்துறையில் சும்மா இருந்துவிடவில்லை. சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் 1991-இல் தொடங்கியது. 2005 முதல் சிறப்புத் தேவைக்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர்கள் பள்ளிகளுக்கு வந்தார்கள். தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்கான டிஸ்லெக்சியா பயிற்சித் திட்டம் 2016-க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளையும் எட்டியது. 2019-இல் கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளையும் உள்ளே கொண்டுவந்தது. சிறப்புத் தேவையுடைய மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் பொதுப் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பயிற்சித் திட்டம் ஆங்கில வாசிப்புக்கானது. தாய்மொழிப் பாடவேளை வந்ததும் நம் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு, வேறு வகுப்புப் பிள்ளைகளோடு, வேறொரு ஆசிரியரிடம் போகிறான். பள்ளியில் தமிழ் இல்லாவிட்டால் வேறு நிலையத்துக்கே போகிறான். இங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் பல பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். காலையில் அவன் எங்கே தடுமாறினான், எந்த வழி அவனுக்கு உதவியது என்ற செய்தி அவன் பையிலேயே வந்துவிடுவதில்லை. யாராவது கேட்டு வாங்க வேண்டும்.

கேட்க ஆளில்லாதபோது வீட்டில் எழும் பேச்சு விலக்கு. தாய்மொழியிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. 2021 முதல் நடப்பில் உள்ள முறைப்படி, தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் விலக்குப் பெற்றவருக்குத் தாய்மொழிக்காக ஏஎல் எனப்படும் அடைவுநிலையில் 6 முதல் 8 வரை ஒரு தரநிலை கணக்கிட்டுத் தரப்படுகிறது. விலக்கை நான் பழிக்கவில்லை. இரவு பத்து மணிக்கு அழுதுகொண்டே பாடம் எழுதும் பிள்ளைக்கு அது மூச்சுவிடும் இடம். விண்ணப்பம் எழுதிய பெற்றோர் சிலருக்கு நானே துணைநின்றிருக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. அடிப்படைத் தமிழ் உண்டு, வாய்மொழித் தேர்வு உண்டு, கூடுதல் நேரம் கேட்கலாம், பெரிய எழுத்தில் வினாத்தாள் கேட்கலாம். இவற்றையெல்லாம் தட்டிப் பார்க்காமலே விலக்கின் கதவைத் திறந்துவிடுகிறோம். பாட்டியோடு பேசத் தெரிந்த பையனைக் கொம்பும் காலும் சேர்ந்து வெளியேற்றிவிடுகின்றன.

தாய்மொழிப் பற்றை மேடையில் முழங்கும் நம்மவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்.

ஆகவே இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் பெரிய கோட்பாடுகளைவிடச் சின்ன வேலைகளை எதிர்பார்க்கிறேன். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது. தமிழ் எழுதும் பிள்ளைகளின் பிழைகளை அங்கே எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே! இங்குள்ள தமிழாசிரியர் ஒவ்வொருவரும் பத்துத் தாள்களைப் பெயர் நீக்கிக் கொடுத்தால், எந்த எழுத்து எங்கே இடம் மாறுகிறது என்று ஒரு பட்டியலாவது நம் கையில் இருக்கும்.

தேநீர் இடைவேளையில் இந்தத் தாள் முன்மேசையில் இருக்கும். சிவப்புச் சுழிகளை விட்டுவிட்டு அவன் எழுதியதை மட்டும் பாருங்கள். முதல் கட்டுரையாளரை இப்போது அழைக்கிறேன்.