முகாமில் பிறந்தவரின் குடியுரிமை

தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரின் குடியுரிமைக் கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியர் என்றால், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது.

மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். கையில் இருந்த பிறப்புச் சான்றிதழே அவருக்குப் பலம். அதே முகாமில் இரண்டாண்டு கழித்து, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அந்தத் தீர்ப்பால் பயன் இல்லை.

படகில் வந்து இறங்கியவர் நிலை வேறு. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவரை 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்கிறது. பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை கேட்டு அவர் விண்ணப்பிக்க முடியாது. முப்பது, நாற்பது ஆண்டு இங்கே வாழ்ந்ததும் கணக்கில் சேராது. இயல்புரிமை கேட்பவருக்கு எட்டாவது அட்டவணை மொழி ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்பது விதி. அந்தத் தேர்வில் மட்டும் முகாம்வாசி எவரும் தோற்க மாட்டார்.

தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து இலங்கை சென்றவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழரின் கோரிக்கை இன்னும் வலுவானது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. விடுபட்ட 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1983 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு ஓடிவந்த பலர் இங்கே அகதி என்றே பதிவாயினர். பாட்டன் திருச்சியில் பிறந்திருக்கலாம். ஆனால் பதிவு மூலம் குடியுரிமை தரும் சட்டப்பிரிவு, விண்ணப்பதாரரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்கிறது. ஒரு தலைமுறைக் குறைவில் உரிமை நழுவுகிறது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இத்தகைய 65 பேரின் வழக்கில், விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு 2019 ஜூனில் மதுரைக் கிளை மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் முறையீட்டுக்கு இடம் குறைவு. எடுத்துக்காட்டாக, ஆரணி வட்டத்தில் குடியிருப்பவரின் விண்ணப்பம் திருவண்ணாமலை ஆட்சியர் வழியாக மாநில அரசுக்கும், அங்கிருந்து தில்லிக்கும் போகும். மறுப்புக்கு மத்திய அரசு காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. 15, 15ஏ பிரிவுகளின்படி முப்பது நாளுக்குள் மறுஆய்வு கேட்கலாம். கேட்க வேண்டிய இடமும் அதே மத்திய அரசுதான். நடைமுறையில் மிஞ்சுவது அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் தந்த சலுகை பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளோடு நின்றது. இலங்கை அதில் இல்லை. 2025-இல் வந்த குடியேற்றச் சட்டத்தின் கீழான ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்தும் தண்டனையிலிருந்தும் விலக்கு அளித்தது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு அந்த விலக்கு வழிவிடுமா என்பதை ஆணை சொல்லவில்லை.