டொராண்டோவில் இப்போது மணி என்ன?



மகன் டொராண்டோவில் படிக்கிறான், மகள் அங்கே வேலை பார்க்கிறாள் என்று சொல்கிற வீடுகள் இன்று நம் பக்கம் நிறைய. அந்த வீடுகளில் ஒரு கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு வீட்டில் கேட்டால், "நமக்கும் அவங்களுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம்" என்பார்கள். அடுத்த வீட்டில் கேட்டால், "இல்லையே, பத்தரை மணி நேரம்" என்பார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் சொல்வதும் சரிதான். முதல் வீட்டுக் கணக்கு ஜூலைக்குப் பொருந்தும், இரண்டாவது வீட்டுக் கணக்கு ஜனவரிக்குப் பொருந்தும்.

வெளிநாட்டு அழைப்புகளில் வரும் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. நேர வித்தியாசத்தை ஊரோடு சேர்த்து மனதில் வைத்துக்கொள்கிறோம். தேதியோடு சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. ஓர் ஊரில் மணி என்ன என்று சொல்ல ஊரின் பெயரும் வேண்டும், அன்றைய தேதியும் வேண்டும். டொராண்டோவையே எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

முதலில் சூரியக் கணக்கு. பூமி 360 பாகை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் 15 பாகைக்கு ஒரு மணி நேரம், ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிரீன்விச் கோட்டுக்குக் கிழக்கே சுமார் 80 பாகையில் சென்னை இருக்கிறது. மேற்கே ஏறத்தாழ 79 பாகையைத் தாண்டி டொராண்டோ இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரே தொலைவு, எதிரெதிர்த் திசை. சூரியனை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 10 மணி 38 நிமிடம். நாம் சொல்வதோ பத்தரை. மீதி 8 நிமிடம் எங்கே போயிற்று?

இரண்டு ஊர்களுமே ரயிலுக்காகத் தங்கள் சூரிய நேரத்தை விட்டுக்கொடுத்தன. அதில்தான் அந்த 8 நிமிடம் கரைந்தது.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நேரம் வேறு. உச்சிவெயில் எப்போதோ அப்போது பன்னிரண்டு மணி. மாட்டு வண்டிக்கு அது போதும், ரயிலுக்குப் போதாது. இந்தத் தொல்லைக்குத் தீர்வு தேடியவர்களில் முக்கியமானவர் சாண்ட்ஃபோர்டு ஃபிளெமிங். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் குடியேறிய ரயில்வே பொறியாளர், கனடாவின் முதல் தபால்தலையை வரைந்தவரும் அவர்தான். 1876-இல் அயர்லாந்தில் பயணம் செய்தபோது, கால அட்டவணையில் காலை என்று இருக்க வேண்டிய இடத்தில் மாலை என்று அச்சாகியிருந்ததால் ரயிலைத் தவறவிட்டார் என்று சொல்வார்கள். 1879-இல் டொராண்டோவில் உள்ள கனடியன் இன்ஸ்டிடியூட்டில் அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு நேரம், அதன் அடிப்படையில் 24 நேர மண்டலங்கள் என்பதுதான் அது.

1883 நவம்பர் 18 அன்று அமெரிக்க, கனடிய ரயில் நிறுவனங்கள் மண்டல நேரத்துக்கு மாறின. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளின் மாநாடு, கிரீன்விச் வழியாகச் செல்லும் தீர்க்கரேகையைப் பூஜ்ஜியமாக ஏற்றது. டொராண்டோ கிரீன்விச்சுக்கு 5 மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தில் சேர்ந்தது.

நம் பக்கம் வருவோம். சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மைய வளாகத்தில், 1792-இல் நட்ட கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. அது பழைய மெட்ராஸ் வானாய்வகத்தின் எச்சம். அங்கே கணித்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் இந்த நேரத்தை வைத்துத்தான் ஓடின. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் தனியாக இருந்தன. 1906 ஜனவரி 1 முதல் நாட்டின் நடுவாகச் செல்லும் 82½ பாகைக் கோட்டை அடிப்படையாக வைத்து, ஐந்தரை மணி என்று நிர்ணயித்தார்கள். நம் கணக்குகளில் எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் அந்த 'அரை' அங்கேதான் வந்தது. நமக்கு ஐந்தரை, அவர்களுக்கு ஐந்து, கூட்டினால் பத்தரை.

சரி, பத்தரை எப்படி ஒன்பதரை ஆகிறது?

ஜூன் மாதத்தில் டொராண்டோவில் பகல் பதினைந்தரை மணி நேரம் நீளும். டிசம்பரிலோ ஒன்பது மணி நேரம்கூட முழுதாக இருக்காது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். கோடையில் அதிகாலையில் எல்லோரும் தூங்கும்போது வெயில் வீணாகிறதே, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினால் மாலை வெளிச்சம் கூடுமே என்று பூமியின் வடக்கே உள்ள நாடுகளில் யோசித்தார்கள். அதுதான் கோடை நேரம். முதல் உலகப்போரின்போது, 1916-இல், ஜெர்மனி நாடு முழுவதும் இதை அமல்படுத்தியது. மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் விட்டுவிட்டோம், அதன் பிறகு நமக்குத் தேவைப்படவில்லை.

டொராண்டோவில் இன்றைய விதி இது: மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3-க்குத் தாவும். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு, அதிகாலை 2 மணி ஆனதும் மறுபடி 1-க்குத் திரும்பும். மார்ச்சில் அந்த மாற்றம் நடக்கும்போது நம் ஊரில் ஞாயிறு பகல் பன்னிரண்டரை மணி. அன்று காலையில் பேசினால் பழைய கணக்கு, சாப்பிட்டுவிட்டுப் பேசினால் புதுக் கணக்கு.

இப்போது மனக்கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். பத்தரையைக் கழிப்பது பலருக்குச் சிரமம். கழிக்கவே வேண்டாம். காலையை மாலையாக்குங்கள், மாலையைக் காலையாக்குங்கள். பிறகு, குளிர்காலமென்றால் ஒன்றரை மணி கூட்டுங்கள். கோடைக்காலமென்றால் இரண்டரை மணி கூட்டுங்கள். அவ்வளவுதான்.

செய்து பார்ப்போம். சென்னையில் இரவு 7 மணி. திருப்பிப் போட்டால் காலை 7. ஜனவரி என்றால் ஒன்றரை கூட்டுங்கள்: டொராண்டோவில் காலை 8.30. ஜூலை என்றால் இரண்டரை கூட்டுங்கள்: காலை 9.30. இரண்டுமே அதே தேதி. இனி நம் காலையைப் பார்ப்போம். ஞாயிறு காலை 7 மணி. திருப்பினால் மாலை 7, ஆனால் சனிக்கிழமை மாலை. ஜனவரியில் சனி இரவு 8.30, ஜூலையில் சனி இரவு 9.30. நம் மாலை அவர்களுக்கு அன்றைய காலை. நம் காலை அவர்களுக்கு நேற்றைய மாலை. கூட்டும்போது நள்ளிரவைத் தாண்டினால் மட்டும் தேதி மறுபடி இன்றைக்கு வந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை காலைல கூப்பிடுறேன்மா" என்று மகன் சொன்னால், அது அவனுடைய ஞாயிறா நம்முடைய ஞாயிறா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அவனுடைய ஞாயிறு காலை என்றால் நமக்கு ஞாயிறு இரவு. அம்மா விடிந்ததிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் யாரும் தூக்கம் கெடாமல் பேச நாளுக்கு இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, நமக்கு மாலை 6 முதல் இரவு 9 வரை. மற்றொன்று, நமக்குக் காலை 6 முதல் 8 வரை. அலுவலக வேலை என்றால் முதலாவதுதான் சரி. டொராண்டோவில் காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. நவம்பர் வந்தால் ஐ.டி. நிறுவனங்களில் இரவு ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தள்ளிப்போவதும், அழைத்துப் போக வரும் கேப் நேரம் மாறுவதும் இதனால்தான்.

வாராவாரம் நடக்கும் கூட்டம் என்றால் இன்னொன்றையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்: எந்த ஊர் நேரம் நிலையாக இருக்கப் போகிறது? டொராண்டோ காலை 8 என்று வைத்தால், நமக்கு அக்டோபரில் மாலை 5.30, நவம்பர் முதல் ஞாயிறு தாண்டியதும் 6.30. சென்னை மாலை 6.30 என்று வைத்தால், அவர்களுக்குக் காலை 9 என்பது 8 ஆகும். யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் நகர்ந்தே தீர வேண்டும். நகரப்போவது யார் என்று முன்பே தெரிந்தால் சண்டை இல்லை.

மூன்று ஊர்கள் சேரும்போதுதான் கணக்கு சூடுபிடிக்கும். யாழ்ப்பாணத்தில் பாட்டி, லண்டனில் மாமா, டொராண்டோவில் சித்தி என்று சிதறிக்கிடக்கும் குடும்பங்களுக்கு இது வாராந்தர வேலை. லண்டனிலும் கோடை நேரம் உண்டு, ஆனால் தேதி வேறு. அங்கே மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிகிறது. ஆகவே மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரம் டொராண்டோ மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது. நம் நேரம் இரவு 8 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் லண்டனில் பிற்பகல் 2.30, டொராண்டோவில் காலை 9.30. மார்ச் நடுவில் லண்டன் அதே 2.30, டொராண்டோ 10.30. ஏப்ரலில் லண்டன் 3.30, டொராண்டோ 10.30. பாட்டியின் கடிகாரம் மட்டும் அசையவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் இன்று ஒரே நேரம். ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996-இல் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது, சில மாதங்களில் அதில் அரை மணியைத் திரும்ப எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டில் வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஒரே தீவில் இரண்டு நேரம். கடிகார முள்ளைச் சூரியனோடு அரசியலும் நகர்த்துகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே, நேரம் குறிக்கும்போது நாட்டின் பெயரைச் சொன்னால் போதாது. கனடாவில் 6 நேர மண்டலங்கள். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் நம்மைப் போலவே ஓர் 'அரை' உண்டு. அதனால் அந்த ஊருக்கும் நமக்கும் குளிர்காலத்தில் சரியாக 9 மணி நேரம், கோடையில் 8. சஸ்காட்சுவான் மாகாணத்தின் ரெஜைனாவிலோ கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, ஆண்டு முழுவதும் பதினொன்றரை. எழுத்துச் சுருக்கங்களையும் நம்பாதீர்கள். இந்தியாவின் நேரத்துக்கு எழுதும் அதே IST என்ற மூன்று எழுத்தை அயர்லாந்தும் இஸ்ரேலும் தங்கள் நேரத்துக்கு எழுதுகின்றன. செல்பேசியின் உலகக் கடிகாரத்திலும் சரி, காலண்டரிலும் சரி, ஊர்ப்பெயரைத் தட்டுங்கள். கோடை மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

தகவல் அனுப்பும்போது இப்படி எழுதலாம்: "சனிக்கிழமை, ஜனவரி 10. டொராண்டோ காலை 8.30. சென்னை அதே சனி இரவு 7.00." கிழமை, தேதி, இரண்டு ஊர், இரண்டு நேரம், காலை மாலை எல்லாம் அதில் வந்துவிட்டன. "12 மணிக்கு" என்று மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். பகலா இரவா என்று தெரியாது, இரவு என்றால் எந்த நாளில் சேரும் என்பதும் தெரியாது. காலை மாலை மாறியதால் ரயிலை விட்டவர் ஃபிளெமிங். நமக்கு அந்தத் தவறு பன்னிரண்டு மணி நேரத் தவறாக, ஒரு நேர்முகத் தேர்வையே இழக்கும் தவறாக வரலாம்.

கடைசியாக ஒரு செய்தி. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம், இந்த மாற்றல் வேலையே வேண்டாம், ஆண்டு முழுவதும் கோடை நேரமே இருக்கட்டும் என்று 2020-இல் சட்டம் இயற்றியது. ஆனால் பக்கத்து கியூபெக்கும் எல்லைக்கு அப்பால் நியூயார்க்கும் சேர்ந்து வந்தால்தான் அமல் என்பது திட்டம். மூவரும் ஒத்துப்போனால் நம் மனக்கணக்கில் ஒன்றரையை அழித்துவிட்டு இரண்டரையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதுவரை, நாட்காட்டி வாங்கியதும் மார்ச் இரண்டாம் ஞாயிறையும் நவம்பர் முதல் ஞாயிறையும் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். லண்டனிலும் உறவினர் இருந்தால் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளுக்கும் சேர்த்து வட்டம் போடுங்கள்.