துறைமுகம் வரட்டும், வேலை யாருக்கு?

(கப்பல்துறையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில், சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆற்றிய உரை)



"கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கப்பல் வந்தால் என்ன, போனால் என்ன?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். நம் லயங்களில் சுடுகிற ரொட்டியின் மாவை எடுத்துக்கொள்வோம். கப்பலில் வந்திறங்கும் கோதுமை, இதோ பக்கத்தில் சீனன்குடாவில்தான் அரைபடுகிறது. நாம் பறிக்கும் தேயிலை கொழும்புத் துறைமுகம் வழியாக வெளிநாடு போகிறது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் உண்டு. ஆகவே துறைமுகம் நம் வீட்டு விஷயம்தான்.

பாதை போட்டால் வேலை தானாக வந்துவிடும் என்று சொல்வார்கள். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கோப்பியை இறக்கத்தான் 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. பிறகு தேயிலைக்காக 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போனது. திருகோணமலைக்கு 1927இல் வந்தது. எல்லாம் பொதுப் பணம். அந்தப் பணத்தில் நம் பாட்டன் பாட்டிமாரின் வியர்வையும் இருந்தது. சரக்கு மலையிலிருந்து இறங்கியது. நம் ஆட்களோ பெரட்டுக் களத்திலேயே நின்றார்கள்.

1939இல் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்திய வம்சாவளியினரை நீக்க அரசாங்கம் முடிவெடுத்தது. அதைப் பற்றிப் பேசத்தான் நேரு இங்கே வந்தார். அந்த யூலையில்தான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1948இல் குடியுரிமையும் போனது. அதோடு அரச வேலையின் கதவும் மூடியது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கான குடியுரிமைச் சட்டம் வந்தது 2003இல். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் பெரிய ஒரு பக்கமே, பொதுப் பணத்தில் நடக்கிற வேலையில் நமக்கும் பங்கு உண்டா என்ற கேள்வியால் எழுதப்பட்டது.

இப்போது அந்தக் கேள்வி திருகோணமலைக்கு வந்திருக்கிறது. 2022 சனவரியில் இங்குள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பங்கிட்டு ஒப்பந்தம் ஆனது: 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் கையெழுத்திட்டன. நல்லது. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்வோம். தாங்கியும் குழாயும் கட்டும்போது நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும். கட்டி முடித்தபின் சில பேர் போதும். களஞ்சியம், பொதியிடல், கப்பல் திருத்தம், ரயில் சரக்கேற்றம் போன்றவைதான் ஆண்டாண்டாக ஆட்களைக் கேட்கும். எது வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும்? அம்பாந்தோட்டையைப் பாருங்கள். கடன் வாங்கிக் கட்டிய துறைமுகம் 2010இல் திறக்கப்பட்டது. 2016 டிசம்பரில் அங்கே ஒப்பந்த அடிப்படையில் இருந்த தொழிலாளர்கள், துறைமுக அதிகாரசபையில் தங்களை நிரந்தரமாக்கும்படி வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டே துறைமுகம் 112 கோடி டொலருக்கு, 99 வருடக் குத்தகைக்குப் போனது. கடன் எல்லோர் தலையிலும் இருந்தது. வேலை உத்தரவாதம் எந்தக் கடதாசியிலும் இருக்கவில்லை.

கேட்டால் என்ன ஆகும்? 2021இல் கொழும்புத் துறைமுகச் சங்கங்கள் ஒன்றாக நின்றன. கிழக்கு முனையத்தை வெளியாருக்குக் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் கைவிட்டது. துறைமுக அதிகாரசபையே அதைக் கட்டத் தொடங்கியது. தேர்தல் மேடையில் கிடைத்த வாக்குறுதியை விட, ஒன்றுபட்ட சங்கங்களின் வார்த்தை கனமாக இருந்தது.

அதனால் நாம் கேட்பது நான்கு. எத்தனை வேலை, அதில் எத்தனை நிரந்தரம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மேன்பவர் தரகர் வழியாக ஆள் எடுக்கக் கூடாது. சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே கட்டப்பட வேண்டும். பாரந்தூக்கி, மின்சாரம், வெல்டிங், களஞ்சியக் கணக்கு ஆகிய பயிற்சிகள் தமிழிலும் நடக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். காணியையும் கடலையும் இழக்கிற இவ்வூர் மக்களுக்கும் மீனவர்களுக்கும் நட்டஈடு மட்டும் போதாது, வேலையில் முதலிடம் வேண்டும். அவர்களைத் தள்ளிவிட்டு நமக்கு வேலை கேட்கிற சங்கம் நம்முடையதல்ல.

சாதாரண தரம் முடித்த நம் மாணவர்கள் பஸ் ஏறிக் கொழும்புக் கடைகளுக்குப் போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். அவர்களைத் தோட்டத்திலேயே கட்டிப்போட நாம் விரும்பவில்லை. போகிற இடத்தில் கையில் தொழிலும் சம்பளப் பட்டியலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி எடுக்கட்டும். பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகளின் பெயர், படிப்பு, விரும்பும் தொழில் மூன்றையும் எழுதுங்கள். கப்பல்துறைத் தோழர்களும் அப்படியே எழுதட்டும். பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு கொப்பிகளையும் ஒன்றாக வைப்போம்.