சேர்வராயன் என்னும் பெயர்



விழா மலர் கைக்கு வந்ததும் பலர் முதலில் புரட்டுவது அதன் இறுதிப் பக்கங்களையே. அங்கேதான் நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். தம் பெயர் பிழையின்றி அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. அப்பட்டியலில் அப்பாண்டைராஜன் என்றொரு பெயரைக் காண நேர்ந்தால், அவர் இன்னார் என்று தெரியாவிட்டாலும் திருநறுங்கொண்டை நினைவுக்கு வந்துவிடும். அக்குன்றின்மேல் எழுந்தருளியுள்ள பார்சுவநாதருக்கு அப்பாண்டைநாதர் என்பது திருநாமம். அந்தத் திருநாமத்தை மகனுக்கு இட்ட தந்தை, ஒரு குன்றையும் சேர்த்தே அவனுக்கு இட்டுவிடுகிறார். தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு வெளியே இப்பெயரைக் காண்பது அரிது.

இவ்வாறே ஒரு மலையைத் தன்னுள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் சேலம், தருமபுரிப் பகுதிகளில் வழங்கி வருகிறது. சேர்வராயன் என்பது அப்பெயர். மதுரையிலோ தஞ்சையிலோ இப்பெயரை ஒருவர் சொன்னால், கேட்பவர் மலையைத்தான் நினைப்பார், மனிதரை நினைக்கமாட்டார். பள்ளிப் பாடநூலில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வரிசையில் ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று மனப்பாடம் செய்த பெயரல்லவா அது! ஏற்காட்டு மலைமேல் உள்ள சிற்றூர்களிலோ அது முதியவர் பலரின் பெயர்; நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் தலைச்சோலையிலும் நின்று உரக்க அழைத்தால் யாரேனும் திரும்பிப் பார்க்கக்கூடிய பெயர்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர் பெரும்பாலும் ஏரியையும் தோட்டங்களையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அதற்கும் அப்பால், 5,326 அடி உயரத்தில், மரங்கள் குறைந்து புல்வெளி விரிந்த மேட்டுச் சமவெளியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். குனிந்து நுழையவேண்டிய குகையே கருவறை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் உறைகின்றனர். அக்குகையின் உள்வழி காவிரியாறு பிறக்கும் இடம்வரை செல்கிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. ஆகவேதான் அம்மலையில் ஆண்மகவுக்குச் சேர்வராயன் என்றும் பெண்மகவுக்குக் காவேரி என்றும் பெயர் அமைந்தன. இவ்விரண்டில் காவேரி நாடெங்கும் வழங்கும் பெயர். ஆறு கடலளவும் ஓடியது, பெயரும் கூடவே ஓடியது. சேர்வராயனோ மலையைவிட்டு வெகுதூரம் இறங்கவில்லை.

இப்பெயரின் பொருள் யாது? பின்பாதி தெளிவானது. அரையன் என்பது அரசனைக் குறிக்கும் தமிழ்ச்சொல். பல்லவரையன், முத்தரையன் எனக் கல்வெட்டுகளில் நூற்றுக்கணக்கில் காணப்படும் பட்டங்களின் ஈற்றில் நிற்பது அதுவே. பின்னாளில் அது ராயன் என்ற வடிவில் பெருகிற்று. படைவீட்டுச் சம்புவராயர், சேந்தமங்கலத்துக் காடவராயர் ஆகியோரின் பெயர்களை வரலாறு படித்தோர் அறிவர். சேர்வராயன் என்னும் பெயரும் அந்த அச்சிலேயே வார்த்தது போல் இருக்கிறது. ஒரு மலைத்தெய்வத்தின் பெயர் குறுநிலத் தலைவனின் பட்டம்போல் ஒலிப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

முன்பாதியில்தான் வழக்கு. சேரன் என்பதோடு இணைப்பார் ஒரு சாரார். சேர என்பதும் அரையன் என்பதும் புணர்ந்தால் இடையே வகர உடம்படுமெய் தோன்றிச் சேரவரையன் ஆகும். அது நாவில் தேய்ந்து சேர்வராயன் ஆயிற்று என்பர். இலக்கணம் இதற்கு இடங்கொடுக்கிறது. சேர்வை என்னும் பட்டப்பெயரோடு இணைப்பார் மற்றொரு சாரார். ஆனால் அண்டையிலுள்ள கல்வராயன் மலை இரு சாரார்க்கும் இடர் விளைக்கிறது. கல் என்பதும் அரையன் என்பதும் சேர்ந்தால் கல்லரையன் என்றே வரவேண்டும். வகரம் வர வழியில்லை. இரண்டு மலைகளும் அருகருகே நின்று, இரண்டு பெயர்களும் ஒரே ஈற்றைப் பெற்றிருக்க, ஒன்றற்குப் பொருந்தும் விளக்கம் மற்றதற்குப் பொருந்தாமற் போகிறது. ஒரு மலைக்கு மட்டும் பொருள் சொல்லிவிட்டு நகர்வது ஆராய்ச்சி ஆகாது.

எனினும் சேரர் தொடர்பை எளிதில் தள்ளிவிட இயலாது. அதற்குச் சான்று தருவது ஒரு சமணத் திருமலை. போளூரை அடுத்த திருமலையில் ஒரு கல்வெட்டு உண்டு. சேரர் குலத்தவனான எழினி என்பான் அருகன் மலையாகிய அவ்விடத்தில் இயக்கன், இயக்கியர் திருவுருவங்களை எழுந்தருளுவித்தான் என்றும், அவன் வழிவந்தவனும் தகடூரை ஆண்டவனுமான அதியமான் விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுப்பித்தான் என்றும் அது கூறுகிறது. இந்த விடுகாதழகிய பெருமாள் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. சேர்வராயன் மலையின் வடபுறச் சரிவிலிருந்து நோக்கினால் தெரியும் நாடு. அந்நாட்டை ஆண்டவர் தம்மைச் சேரர் வழியினர் என்றே கல்லில் பொறித்துக்கொண்டனர். மலையின் பெயர் அவர்களால் வந்தது என்பதற்கு இது உறுதிச்சான்று ஆகாது. சேரர் பெயர் இப்பகுதிக்கு அயலானதன்று என்பதற்குப் போதிய சான்று.

மலைமக்கள் சொல்லும் கதை வேறு. அவர்கள் தம்மை மலையாளி என்று அழைத்துக்கொள்வர். மலையை ஆள்பவர் என்பது பொருள், கேரளத்தாரோடு தொடர்பில்லை. தாய்மொழி தமிழே. காஞ்சியிலிருந்து கரிராமன் என்னும் தம் தெய்வத்தோடு புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் இப்பக்கம் வந்தனர். பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்கள் வழிவழிக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இக்கதையில் நுணுக்கமாக நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வந்தவர்கள் கொண்டுவந்த தெய்வம் கரிராமன். ஆனால் மலையின் உச்சியில் இருப்பவன் சேர்வராயன். வந்தேறிய குடி, அங்கு ஏற்கெனவே இருந்த மலைத்தெய்வத்தை ஏற்றுத் தன் பிள்ளைகளுக்கு அப்பெயரை இட்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ராமன் என்ற பெயரும் அவர்களிடையே உண்டு. இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆங்கிலேயர் வந்தபின் பெயருக்கு மறுவடிவம் பிறந்தது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை ஊக்குவித்தார். தோட்டக்காரர் நாவில் சேர்வராயன் ஷெவராய் ஆயிற்று. நடுவிலிருந்த ரகரமும் ஈற்றிலிருந்த னகரமும் உதிர்ந்தன. அவ்வடிவமே நிலப்படத்திலும் அரசு ஆவணங்களிலும் ஏறிற்று. இன்றும் விடுதிகளின் பெயர்ப்பலகையில் அதுவே மின்னுகிறது. தாவரவியலார்கூட இம்மலைக்கே உரிய ஒரு செடிக்கு வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று பெயரிட்டனர். இலத்தீன் வேடத்தில் நிற்கும் அச்செடியும் ஒரு வகையில் சேர்வராயனே.

பழனி, அண்ணாமலை, ஏழுமலை, தணிகாசலம், வேங்கடம் ஆகியனவும் மலைப்பெயர்களே. அவை தமிழகமெங்கும் பரவின. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் கப்பலேறின. சேர்வராயன் ஏன் பரவவில்லை? பெயரில் குறையில்லை. அண்ணாமலைக்குத் தேவாரம் உண்டு. வேங்கடத்துக்கு ஆழ்வார் பாசுரம் உண்டு. பழனிக்கு நடந்து செல்லும் காவடிக் கூட்டம் உண்டு. பாட்டு ஊர் ஊராகச் செல்லும்போது பெயரையும் சுமந்து செல்கிறது. சேர்வராயனைப் பாடிய நாயன்மார் எவரும் இல்லை. வைகாசித் திருவிழாவுக்கு மலையூர்களெல்லாம் திரளும், அடிவாரத்தாரும் ஏறிவருவர், விழா முடிந்ததும் அவரவர் ஊர் திரும்புவர். பெயரின் எல்லை அந்தத் திருவிழாக் கூட்டத்தின் எல்லையே. அப்பாண்டைநாதர் பெயர் ஒரு சமயத்தாரின் குடும்பங்களுக்குள் நின்றது போல, இது ஒரு மலையின் கண்பார்வைக்குள் நின்றது.

ஒரு தெளிவும் இங்கே வேண்டும். சேலம், தருமபுரிக் கிறித்தவர்களிடையே ராயப்பன் என்ற பெயர் மிகுதி. ஏற்காட்டிலும் உண்டு. அது சேர்வராயனின் சுருக்கமன்று. இயேசுவின் சீடரான புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்று வழங்கியதால் வந்தது. ஒரே தெருவில் ராயப்பனும் சேர்வராயனும் குடியிருந்தால் உறவு தேட வேண்டியதில்லை. அண்டைவீட்டார் என்ற உறவு போதும்.

பரவாத பெயர் இத்தனை காலம் எவ்வாறு நிலைத்தது? தமிழர் மரபு அதற்குக் காவல் நின்றது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன்; அதுவே பேரன் என்று மருவியது. சேர்வராயனின் பேரன் சேர்வராயன் ஆவான். ஆனால் அதே மரபு இன்னொரு பக்கம் பெயரை மறைக்கவும் செய்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது. தான் பெற்ற மகனையே அவள் பெயர் சொல்லி அழைக்க முடியாது. ஆகவே பிள்ளை வீட்டில் சாமி, பெரியவன், ராசா என்று வளர்ந்தான். ஏட்டில் சேர்வராயன், வாசலில் வேறு பெயர். ஒரு தலைமுறை கழிந்தபோது, வாசலில் வழங்கிய பெயரே ஏட்டிலும் ஏறத் தொடங்கிற்று.

இன்று இடர் வேறு வடிவில் வந்திருக்கிறது. மலையிலிருந்து சேலத்துக்கும் திருப்பூருக்கும் படிக்கவும் உழைக்கவும் செல்லும் இளைஞர், தம் பெயரைச் சொன்னதும் எந்த மலை என்று கேட்கும் நகைப்பை எதிர்கொள்கின்றனர். தம் பிள்ளைக்கு அந்த நகைப்பு வேண்டாம் என்று எண்ணி, வடவெழுத்தில் தொடங்கும் ஈரெழுத்து மூவெழுத்துப் பெயர்களைத் தேடுகின்றனர். எண்கணிதம் பார்ப்பாரும் அதற்குத் துணை. அவர்களைக் குறைகூறுவது எளிது. நகைத்தவரைக் கேட்பார் இல்லை.

இதைவிடக் கடுமையானது எழுத்துக்கூட்டுச் சிக்கல். தமிழில் சேர்வராயன், செர்வராயன், ஷேர்வராயன். ஆங்கிலத்தில் எழுதும்போது அதனினும் பல. பள்ளிச் சான்றிதழில் ஒருவகை, குடும்ப அட்டையில் ஒருவகை, ஆதாரில் ஒருவகை என அமைந்துவிடுகிறது. நகரத்தார்க்கு இது ஒரு நாள் அலைச்சல். மலையாளி மக்களுக்கு அவ்வாறன்று. சேலம் மாவட்டத்தில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள்; ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பெற்றது. பிள்ளையின் கல்விக்கும் வேலைக்கும் சாதிச்சான்று இன்றியமையாதது. அச்சான்றுக்குத் தந்தை, பாட்டன் ஆகியோரின் ஆவணங்கள் ஒத்துவர வேண்டும். பாட்டன் செர்வராயனும் பேரன் சேர்வராயனும் வெவ்வேறு குடும்பத்தார் என்று ஒரு மேசை முடிவு செய்துவிட்டால், மலையேறி இறங்கும் பேருந்துக் கட்டணம் அந்தக் குடும்பத்தின் கைப்பொருளைத் தின்றுவிடும். அரிய பெயரைத் தாங்குவதற்கு இது ஏழைகள் செலுத்தும் வரி.

இதற்கு வழி இல்லாமலில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பெயரின்றிப் பதிவான குழந்தையின் பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். அந்தப் பதிவில் எழுதப்படும் எழுத்தே பின்னர் பள்ளிக்கும் அட்டைக்கும் செல்கிறது. மருத்துவமனையில் விண்ணப்பத்தை நிரப்பும் செவிலியரோ எழுத்தரோ தாம் கேட்டவாறு எழுதிவிடுமுன், பாட்டனின் பழைய பட்டாவையோ பள்ளிச் சான்றையோ எடுத்துச் சென்று, அதில் உள்ளவாறே, சே, ர், வ, ரா, ய, ன் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதச் செய்தால், பாட்டனும் பேரனும் ஏட்டிலும் ஒருவர் வழி ஒருவராக நிற்பார்கள்.